பின்வாங்காத பன்னிரண்டாம் எண் பேருந்து

காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டாம் எண் பேருந்து வாயைத் திறந்தது. அலுவலகம் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள், பாசிச் சந்தைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வழக்கம்போல் விழுங்கப்பட்டார்கள். ஒருவர் விழுங்கப்படும்போதும் கையிலிருந்த காப்பியைக் குடித்துக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

வியாழனின் நிலாவான யூரோப்பாவில் நூறு வருடமாக இப்படித்தான். மேலே பல கிலோமீட்டர் பனி, கீழே கடல். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் அந்தப் பனியின் அடிப்பக்கத்தைக் குடைந்து பனியடிப்பட்டினத்தைக் கட்டினார்கள். அங்கே தெரு என்றால் நீர் நிறைந்த சுரங்கம். முதலில் விசிறி வைத்த படகுகளை விட்டுப் பார்த்தார்கள். விசிறியின் சூட்டிலும் அதிர்விலும் சுரங்கச் சுவர்கள் விரிசல் விட்டன. அப்போதுதான் யாருக்கோ பூமியின் குளத்துநீர் நினைவுக்கு வந்தது.

ஒரு சொட்டுக் குளத்துநீரில் ஒரே உயிரணுவால் ஆன ஓர் உயிரி நீந்திக்கொண்டிருக்கும். அதன் உடம்பு முழுக்கக் குறு இழைகள், ஆயிரக்கணக்கில். அவை துடுப்பைப் போல அடித்து அதைத் தள்ளும். சத்தமில்லை, சூடில்லை, புகையில்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த உயிரியை நாற்பது அடிக்கு வளர்த்தார்கள். இரையைச் செரிக்க அதன் உள்ளே ஒரு குமிழ் உண்டாகும். செரிமானச் சாற்றுக்கான மரபணுக்களை அணைத்துவிட்டு, குமிழின் தோலைத் தடிப்பாக்கி, அதில் இருக்கைகளைப் போட்டு, இழைவண்டி என்று பெயர் வைத்தார்கள். ஏறுவது வாய் வழியாக. இறங்கும் வழியைப் பற்றிப் பட்டினத்தில் யாரும் விளக்கமாகப் பேசுவதில்லை. ‘பின்வாசல்’ என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார்கள்.

கிழக்குப் பணிமனையின் மரபணுப் பொறியாளர் ஆவுடைத்தங்கத்துக்கு இதிலெல்லாம் வெட்கமே கிடையாது. பன்னிரண்டாம் எண்ணை ஒரு சொட்டு நீரிலிருந்து பதினோரு வருடம் ஊட்டி வளர்த்தவர் அந்த அம்மாள்தான். கேட்டால் போதும், அரைமணி நேரம் விளக்குவார். கேட்காவிட்டாலும் விளக்குவார்.

“ஒரு இழைய வெட்டிப் பாத்தீயன்னா உள்ள ஒம்பது சோடிக் குச்சி வட்டமா நிக்கும். ஒவ்வொரு சோடியிலயும் வரிசையா மோட்டார் புரதம். பேரு டைனீன். அது பக்கத்துச் சோடியப் பிடிச்சு ஏறப் பாக்கும். அடியில எல்லாத்தையும் சேத்துக் கட்டியிருக்கதால ஏற முடியாது. ஏற முடியலன்னா என்ன ஆவும்? வளையும்! அந்த வளைசல்தான் துடுப்பு போடுது.”

அந்த மோட்டார் ஒற்றைப் பொருளும் அல்ல. ஏறுகிற காலாக இருப்பது கனச் சங்கிலி. அதை இடத்தில் பொருத்திப் பிடிப்பது இடைச் சங்கிலி. எப்போது எப்படி அடிக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துபவை மென் சங்கிலிகள். ஒவ்வொரு பாகத்துக்கும் தனி மரபணு. கனச் சங்கிலிக்கு மட்டுமே இரண்டு டசனுக்கு மேல். ஆவுடைத்தங்கத்துக்கு அத்தனையும் மனப்பாடம்.

சிக்கல் மென் சங்கிலி ஒன்றில் தொடங்கியது. இழைவண்டியின் மூக்கு எதிலாவது முட்டினால் அதன் தோலில் நுண்ணிய கதவுகள் திறக்கும். வெளியிலிருக்கும் கால்சியம் உள்ளே பாயும். அதை அந்த மென் சங்கிலி உணர்ந்ததும் எல்லா இழைகளும் திசை மாற்றி அடிக்கும். வண்டி பின்னால் போகும், கொஞ்சம் திரும்பும், மறுபடி முன்னால் வரும். ஓட்டுநர் என்று ஒருவர் உண்டு. சின்ன மின்துடிப்புகளால் வண்டிக்கு யோசனை சொல்வது அவர் வேலை. கேட்பதும் கேட்காததும் வண்டியின் விருப்பம்.

கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ஊசிக்காதுச் சுரங்கத்தில் ஒரு வண்டிதான் போகலாம். சுவரில் அங்கங்கே ஒதுங்குகுழிகள் உண்டு. பன்னிரண்டாம் எண்ணுக்கு மூக்கு கொஞ்சம் கூர்மை. எதிரே மேற்குப் பணிமனையின் ஏழாம் எண் வந்தால், லேசாகப் பட்டதும் இதுதான் முதலில் பின்வாங்கிக் குழிக்குள் ஒதுங்கும். அதனால் ஆகும் தாமதம் நாற்பது விநாடி.

“ஏ ஆவுட, நேத்தும் நம்ம வண்டிதான் குழிக்குள்ள ஒதுங்கிச்சு” என்றார் சண்முகவடிவு. பன்னிரண்டாம் எண் பயணிகள் சங்கத்தின் தலைவி, ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். “ஏழாம் நம்பர்க்காரிய கையாட்டிட்டுப் போறாளுவ. நாங்க என்ன அவளுவளுக்கு இளைச்சவங்களா?”

“அக்கா, நாப்பது செகண்டுதானே?”

“நேரத்த யாரு கேட்டா? மானத்தக் கேக்கேன்.”

மானத்துக்காக ஆயிரத்து நானூறு மனுக்கள் வந்தன. பணிமனை நிர்வாகம் உத்தரவு போட்டது. ஆவுடைத்தங்கம் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அந்த மென் சங்கிலியின் மரபணுவை அணைத்தார். வண்டியின் வேகம் குறையவில்லை. ஆனால் இனி எதில் முட்டினாலும் அது பின்னால் போகாது.

அந்த ஒரு வாரம் கிழக்குப் பக்கம் திருவிழா. எட்டாம் எண், பதினைந்தாம் எண், இரண்டு சரக்கு வண்டிகள், எல்லாம் பன்னிரண்டைத் தொட்டதும் பின்வாங்கி ஓடின. வண்டியின் மூக்கில் மாலை போட்டார்கள். கடல் அதை உடனே கொண்டுபோய்விட்டதால் மறுநாளும் போட்டார்கள். ஏழாம் எண் மட்டும் ஏதோ பராமரிப்பில் இருக்கிறது என்று அந்த வாரம் வரவே இல்லை.

எட்டாம் நாள் வந்தது.

ஏழரை மணி. ஊசிக்காதின் நடுவில் இரண்டு மூக்குகளும் முட்டின. பன்னிரண்டு நின்றது. ஏழும் நின்றது. இரண்டும் இழைகளை முன்பக்கமாகவே அடித்துக்கொண்டு ஒன்றை ஒன்று தள்ளின. கண்ணாடி போன்ற குமிழ்த் தோல்களின் வழியே இரண்டு வண்டிப் பயணிகளும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள்.

பன்னிரண்டின் ஓட்டுநர் சொரிமுத்து ஒலிவாங்கியை எடுத்தார். “ஓய் சந்தியாகு, பின்னால எடும்வே.”

“நீரு எடும்வே” என்றது ஏழாம் எண் ஓட்டுநரின் குரல்.

“என் வண்டி பின்னால போவாது.”

“என் வண்டி மட்டும் போயிருமோ? கனவு காணாதேயும்.”

“ஏல, யார்கிட்ட?”

“உன்கிட்டதாம்ல!”

பயணிகள் கைதட்டினார்கள். இரு பக்கமும். வண்டியின் போக்கைக் கவனிக்க அன்று பன்னிரண்டில் ஏறியிருந்த ஆவுடைத்தங்கம் மட்டும் எதிரே இருந்த மூக்கையே உற்றுப் பார்த்தார். ஏழு ஏன் பின்வாங்கவில்லை? பழைய ஏழு இந்நேரம் அரை மைல் போயிருக்கும்.

அரைமணி நேரத்தில் சுரங்க அதிகாரியின் குரல் இரண்டு வண்டிகளிலும் ஒலித்தது. தூக்கக் கலக்கத்தில் விதிப்புத்தகம் வாசிப்பவரைப் போலப் பேசினார்.

“குமிழ்ல பத்து மணி நேரத்துக்குக் காத்து இருக்கு. யாரும் பயப்பட வேண்டாம். சாயந்திரம் அஞ்சரைக்குள்ள ஒரு வண்டியாவது சுரங்கத்தக் கடந்து வெளிய வரணும். வரலன்னா விதிப்படி, ரெண்டுல வயசான வண்டி மேல அதக் கரைக்கிற கரைநீர் பாய்ச்சுவோம். குமிழ் கரையாது, பயணிகள இழுத்து எடுத்திருவோம். வண்டிதான் போயிரும். வயசான வண்டி எது? பன்னெண்டு. சரி. நன்றி.”

ஆவுடைத்தங்கம் குமிழின் சுவரில் கையை வைத்தார். அதற்கு அப்பால் கோடிக்கணக்கான இழைகள் விசுவாசமாகத் துடித்துக்கொண்டிருந்தன. பதினோரு வருடம். முதன்முதலில் அரிசியளவு வளர்ந்தபோது அதற்கு ஈஸ்ட் கரைத்து ஊற்றியது நினைவு வந்தது. அதைப் பின்வாங்க முடியாமல் செய்ததும் இதே கைதான்.

“காலைலயிருந்து வண்டி சாப்பிடல போலிருக்கு” என்றார் சொரிமுத்து. வண்டிகளுக்கு ஒவ்வொரு நடை முடிந்ததும் எல்லையில் ஈஸ்ட் தொட்டி உண்டு. அவசரத்துக்கு ஓட்டுநரிடமும் ஒரு டின் இருக்கும். அவர் அதைத் திறந்தார். “கொஞ்சம் ஊத்துனா தெம்பா அவனைத் தள்ளிரும்.”

“அண்ணாச்சி, ஊத்தாதீய!”

ஆவுடைத்தங்கம் பாய்ந்து டின்னைப் பிடுங்கிய வேகத்தில் பாதி ஈஸ்ட் சொரிமுத்துவின் சட்டையில் விழுந்தது.

“என்னம்மா, வாயில்லா சீவனப் பட்டினி போடுதிய?”

“பசிக்கட்டும் அண்ணாச்சி. நல்லாப் பசிக்கணும்!” அவர் கண்கள் மின்னின. “ஏழாம் நம்பர் எந்தப் பால்?”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மனிதர்களைப் போல ஆண், பெண் என்று இரண்டோடு நிற்கிற சிக்கனம் இந்த உயிரிகளிடம் இல்லை. இவற்றில் ஏழு பால்கள். தன் பாலைத் தவிர மற்ற ஆறில் எதோடும் கூடலாம். ஆனால் வயிறு நிறைந்திருக்கும்வரை அந்த எண்ணமே வராது. பசித்திருக்கும்போது வேறு பாலின் மூக்கு தட்டுப்பட்டால்தான் வரும். வண்டிகள் பாதி வழியில் இப்படி நின்றுவிடக் கூடாது என்றுதான் ஒவ்வொரு நடைக்கும் ஈஸ்ட் ஊற்றினார்கள்.

பன்னிரண்டு மூன்றாம் பால். ஒலிவாங்கியில் கேட்டதும் சந்தியாகு தன் வண்டியின் தாள்களைத் தேடிப் பார்த்துவிட்டு, ஆறாம் பால் என்றார். “என்னத்துக்குக் கேக்கீய?”

ஆவுடைத்தங்கம் மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். “அண்ணாச்சி, எங்க வண்டியால பின்னால வர முடியாது. வீம்பு இல்ல. மரபணுவ நான்தான் அணைச்சேன்.”

சண்முகவடிவு பல்லைக் கடித்தார். “ஏட்டி, அதப் போய் அவங்ககிட்டச் சொல்லுதியே!”

எதிர்ப்பக்கம் சந்தியாகு தொண்டையைச் செருமினார். “எங்களுதும் அப்பிடித்தான். போன வாரம் அதான் பராமரிப்பு. மனு மேல மனு போட்டுட்டாவ.”

“ஒண்ணு சொல்லுங்க. உங்க பொறியாளர் எந்தக் கருவுல கை வச்சாரு? உழைப்புக் கருவுலயா, பத்திரக் கருவுலயா?”

ஒவ்வொரு இழைவண்டிக்கும் இரண்டு கருக்கள், மரபணுக்கள் இருக்கும் உட்கருக்கள். அன்றாட வேலைக்கு மரபணுக்களை வாசிப்பது பெரிய உழைப்புக் கரு. சின்னதான பத்திரக் கரு எதையும் வாசிக்காது. முழு நூலையும் பூட்டி வைத்திருக்கும். இரண்டு வண்டிகள் கூடும்போது மட்டும் அது திறக்கும். இரண்டும் பத்திரக் கருவில் பாதியை மாற்றிக்கொள்ளும். கிடைத்த பாதியும் இருக்கிற பாதியும் சேர்ந்து புதிய கருவாகும். அதிலிருந்து புதிய உழைப்புக் கரு முளைக்கும். பழைய உழைப்புக் கரு கரைந்தே போய்விடும். அதில் யார் என்ன கிறுக்கியிருந்தாலும் அதோடு போய்விடும்.

“பத்திரக் கருவுல கை வைக்கணும்னா மூணு படிவம் நிரப்பணும்லா?” என்றார் சந்தியாகு. “எங்க ஆளு ஒண்ணே நிரப்ப மாட்டாரு.”

“நானும் நிரப்பல அண்ணாச்சி!” ஆவுடைத்தங்கம் கிட்டத்தட்டக் குதித்தார். “யாரும் சோறு போட்டுராதீய!”

குளத்துச் சொட்டில் இந்தக் காரியத்துக்கு ஒரு நாள் ஆகும். வண்டிகளின் உள்வேலைகளை வேகப்படுத்தியிருந்ததால் எட்டு மணி நேரத்தில் முடியும். ஒன்பது மணிக்குத் தள்ளுவது நின்றது. மூக்கும் மூக்கும் உரசின. சிறிது நேரத்தில் ஒட்டின. ஒட்டிய இடத்தில் இரண்டு வண்டிகளின் தோலும் கரைந்து ஒரு பாலம் உண்டானது. உள்ளேயிருந்த கூழ் இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மெல்ல ஓடியது. குமிழ்கள் இரண்டும் நகர்ந்து வந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிக்கொண்டன. கதவைத் திறந்தால் அடுத்த வண்டி.

முதலில் கதவைத் திறந்தவர் சண்முகவடிவு. சண்டை போடத்தான் திறந்தார். எதிரே ஏழாம் எண் பயணிகள் சங்கத்தின் தலைவி பாக்கியசீலி, அவரும் அதற்காகவே நின்றிருந்தார்.

“உங்க வண்டி எங்க வண்டிய என்ன பண்ணுது?” என்றார் பாக்கியசீலி.

ஆவுடைத்தங்கம் விளக்கினார். முழுசாக, கை காட்டி, படம் வரைந்து விளக்கினார். கூட்டத்தில் யாரோ பின்னாலிருந்து கேட்டார்: “அப்போ இது கலியாணம்லா?”

அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் தூக்குச்சட்டிகள் திறந்தன. பாசி வடையும் புளிச்சோறும் குமிழ் விட்டுக் குமிழ் போயின. அலுவலகம் போகிற ஒருவர் தாம்பாளம் இல்லாத குறைக்குத் தன் கோப்பின் அட்டையில் வெற்றிலை வைத்தார். அந்த வெற்றிலையும் பிளாஸ்டிக். சண்டை வரத்தான் செய்தது. எது மாப்பிள்ளை வீடு?

“நாங்கதான். எங்க வண்டி மூணாம் பால்.”

“ஆறுதான் பெருசு. நாங்கதான் மாப்பிள்ள வீடு.”

“ரெண்டும் குடுக்கும், ரெண்டும் வாங்கும்” என்றார் ஆவுடைத்தங்கம். “ரெண்டு பக்கமும் மாப்பிள்ள வீடுதான். ரெண்டு பக்கமும் பொண்ணு வீடுதான்.”

இது இரு சங்கங்களுக்கும் மிகவும் பிடித்துப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டாராக எல்லோரும் உபசாரத்தை ஏற்றுக்கொண்டார்கள், பெண் வீட்டாராக எல்லோரும் பரிமாறினார்கள். மதியம் ஆனபோது சண்முகவடிவும் பாக்கியசீலியும் ஒருவரையொருவர் ‘சம்பந்தியம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தியாகு தன் சட்டையொன்றைச் சொரிமுத்துவுக்குக் கொடுத்தார், அவர் சட்டைதான் ஈஸ்ட் ஆகிவிட்டதே.

ஆவுடைத்தங்கம் ஒன்றும் சாப்பிடவில்லை. கைக்கருவியில் கருக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிக்குப் பாதிகள் பாலத்தைக் கடந்தன. மூன்றரைக்குப் புதிய உழைப்புக் கருக்கள் உப்பத் தொடங்கின. நாலரைக்கு அந்த மென் சங்கிலி, அவர் அணைத்த அதே மென் சங்கிலி, புதிதாகத் தயாராகி ஒவ்வொரு இழையிலும் ஏறிப் பொருந்துவதைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. “ஏறுது பாருங்க, ஏறுது பாருங்க” என்று பக்கத்திலிருந்த பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஐந்து மணிக்கு எல்லோரும் அவரவர் குமிழுக்குத் திரும்பினார்கள். மூக்குகள் பிரிந்தன. பிரிந்ததும் மறுபடி லேசாக உரசின.

இரண்டு வண்டிகளும் பின்வாங்கின!

சுரங்கமே அதிரக் கைதட்டினார்கள். சொரிமுத்து ஒலிவாங்கியை எடுத்தார். இந்த முறை குரலில் தேன். “அண்ணாச்சி, நாங்க குழிக்குள்ள ஒதுங்குதோம். நீங்க போங்க.”

“சேச்சே, சம்பந்தி வீட்டாள ஒதுங்க வச்சுட்டு நாங்க போறதா? நீங்க முதல்ல போங்க.”

“அதெல்லாம் முறையில்ல. நாங்க கிழக்குவாசல் வரைக்குமே பின்னால போயிருதோம்.”

“நாங்க மேற்குவாசல் வரைக்கும் போறோம்!”

இரண்டு ஓட்டுநர்களும் யோசனை சொன்னார்கள், இரண்டு வண்டிகளும் கேட்டுக்கொண்டன. ஐந்து இருபதுக்குப் பன்னிரண்டு கிழக்குவாசலிலும் ஏழு மேற்குவாசலிலும் நின்றன. நடுவில் ஊசிக்காது முழுக்கக் காலி. ஒவ்வொரு வாசலிலும் பின்னால் முப்பது வண்டிகள்.

“ஒரு வண்டி கடக்கணும்” என்றார் சுரங்க அதிகாரி. “சுரங்கம் காலியா இருக்கே, ஏன் யாரும் வரல? பத்து நிமிஷம் இருக்கு. கரைநீர்க் குழாய் கிழக்குவாசல்லயும் இருக்கு.”

“அண்ணாச்சி, போங்க!” ஆவுடைத்தங்கம் சொரிமுத்துவின் தோளை உலுக்கினார். “பின்வாங்குனா மட்டும் போதாது, யாராவது கடக்கணும்!”

“எப்பிடிம்மா போவ? அவ்வளவு சொல்லிட்டு நாம முந்துனா என்ன நினைப்பாவ?”

“போவக் கூடாது” என்றார் சண்முகவடிவு. “முதல்ல அவங்கதான். மானம்னு ஒண்ணு இருக்குல்லா?”

“சம்பந்தியம்மா, வாங்க” என்றது பாக்கியசீலியின் குரல்.

“நீங்க வாங்க.”

“நீங்க வந்தாத்தான் நாங்க வருவோம்.”

ஏழு நிமிடம். ஐந்து. கிழக்குவாசலின் மேல்சுவரில் குழாயின் மூடி விலகுவது குமிழ் வழியாகவே தெரிந்தது. ஆவுடைத்தங்கம் ஓட்டுநரின் பலகை மேல் விழுந்து பொத்தானை அழுத்தப் போனார். சொரிமுத்து அதைக் கையால் மூடிக்கொண்டார். “மரியாதைய விட்டுராதம்மா!”

மூன்று நிமிடம்.

பன்னிரண்டாம் எண் பேருந்துக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இல்லை. மேற்கு எல்லையிலிருந்த ஈஸ்ட் தொட்டியின் வாசனை, வெறும் சுரங்கத்தின் வழியே தடையில்லாமல் வந்து அதன் மூக்கில் பட்டது. அது எதிரே தொட்டுப் பார்த்தது. எதுவும் முட்டவில்லை. முட்டினால் பின்னால் போக வேண்டும், முட்டாவிட்டால் முன்னால் போக வேண்டும். கோடி இழைகளும் ஒரே அலையாக அடிக்க, நாற்பதடி உடம்பு கிளம்பிவிட்டது.

“நில்லு! நில்லு!” சொரிமுத்து எல்லாப் பொத்தான்களையும் அழுத்தினார். ஒரு யோசனையையும் வண்டி கேட்கவில்லை. சண்முகவடிவு முகத்தைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, சம்பந்தி வீட்டு முன்னால இப்பிடி முந்திட்டுப் போவுதே!” ஆவுடைத்தங்கம் குமிழின் சுவரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். சுரங்கச் சுவர்கள் பறந்தன. ஐந்து மணி இருபத்தொன்பதுக்கு வண்டி மேற்குவாசலைத் தாண்டியது. மரியாதையாக ஒதுங்கி நின்ற ஏழாம் எண்ணைக் கடக்கும்போது சொரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு ஒலிவாங்கியை எடுத்தார்.

“சந்தியாகு அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க. ஒண்ணும் தப்பா நினைக்காதீய. இந்த வண்டிக்கு மூளையே கிடையாது.”